‘ரிசீவ்’ வேறு, ‘அக்செப்ட்’ வேறு!
சரக்குச் சீட்டில் கையெழுத்திடுமுன் ஒரு நிமிடம்

வணிகர்களாகிய நாம் ஒரு நாளில் எத்தனையோ சீட்டுகளில் கையெழுத்துப் போடுகிறோம். லாரி ரசீது, டெலிவரி சலான், பில் நகல், கம்பெனி ஏஜெண்டு நீட்டும் ஆர்டர் புத்தகம், பார்சல் ஆபீஸ் பதிவேடு என்று பட்டியல் நீளும். நாம் பேசுவது தமிழ். ஆனால் கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதில் இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று ‘ரிசீவ்ட்’; மற்றொன்று ‘அக்செப்டட்’. இரண்டுக்கும் ‘வாங்கிக்கொண்டேன்’ என்பதுதான் பொருள் என்று எண்ணி, பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டு விடுகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல. முதல் சொல்லில் கையெழுத்திட்டவருக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை கையில் இருக்கிறது. இரண்டாவது சொல்லில் கையெழுத்திட்டவர் அந்த உரிமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறார். சரக்கு மட்டுமல்ல, ஆர்டர், பணம், உண்டியல், வரி என்று நம் தொழிலின் எல்லாப் பக்கங்களிலும் இந்த வேறுபாடு வந்து நிற்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பொருள் என்ன?

‘ரிசீவ்’ என்றால் ஒன்று நம் கைக்கு வந்து சேருவது. அதற்கு நம் சம்மதம் தேவையில்லை. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாம் அதை ரிசீவ் செய்துவிட்டோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் தெரியாது. ‘அக்செப்ட்’ என்றால் வந்ததைப் பார்த்து, ‘சரி, இது எனக்குச் சம்மதம்’ என்று மனம் ஒப்பி ஏற்றுக்கொள்வது.

நம் வீட்டு வழக்கிலேயே சொல்லலாம். பெண்ணுக்கு ஒரு வரன் வருகிறது. ஜாதகம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ‘ரிசீவ்’. பொருத்தம் பார்த்து, பெரியவர்கள் கலந்து பேசி, ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று சொல்லி அனுப்புவது ‘அக்செப்ட்’. ஜாதகம் வந்துவிட்டது என்பதற்காகக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி, எதிர்ச்சொல்லைப் பார்ப்பதுதான். ‘ரிசீவ்’ என்பதற்கு மறுபக்கம் ‘அனுப்புவது’. ‘அக்செப்ட்’ என்பதற்கு மறுபக்கம் ‘மறுப்பது’, அதாவது ‘ரிஜெக்ட்’. ஒருவர் அனுப்பினால் மற்றவர் ரிசீவ் செய்கிறார். ரிஜெக்ட் செய்ய உரிமை உள்ளவர்தான் அக்செப்ட் செய்ய முடியும்.

இந்த இரண்டு சொற்களும் லத்தீன் மொழியில் ‘எடுத்தல்’ என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். தமிழில் ‘பெறுதல்’, ‘ஏற்றல்’ என்று இரண்டு தனிச் சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் பேச்சு வழக்கில் விலைக்கு எடுப்பது, கையில் பெறுவது, ஏற்பது ஆகிய மூன்றுக்கும் ‘வாங்கு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலச் சீட்டு வரை தொடர்ந்து வருகிறது.

சட்டம் எப்படிப் பிரிக்கிறது?

நம் நாட்டில் சரக்கு வாங்கல் விற்றலுக்கு அடிப்படை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட இது, 1930 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டம் சரக்கை ஒப்படைப்பதையும், சரக்கை ஏற்பதையும் தனித்தனியாகவே வைத்துப் பேசுகிறது.

இச்சட்டத்தின் 41-ஆம் பிரிவு நமக்குப் பெரிய பாதுகாப்பு. முன்னதாகப் பார்த்துச் சோதிக்காத சரக்கு வந்து இறங்கினால், அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது அது. ஆக, மூட்டைகள் கடைக்குள் வந்துவிட்டன என்பதனால் மட்டும் நாம் அவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் ஆகிவிட மாட்டோம்.

அப்படியானால் எப்போது ஏற்றவர்கள் ஆகிறோம்? 42-ஆம் பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது.

1. ஏற்றுக்கொண்டேன் என்று விற்றவருக்குத் தெரிவிக்கும்போது. ‘அக்செப்டட்’ என்ற சொல்லின் கீழ் போடும் கையெழுத்தை, இவ்வாறு தெரிவித்ததற்குச் சாட்சியாக விற்றவர் எடுத்துக் காட்டலாம்.

2. சரக்கு வந்தபின், அது இன்னும் விற்றவருக்கே சொந்தம் என்ற நிலைக்குப் பொருந்தாத செயல் எதையாவது செய்யும்போது. வந்த பருப்பை அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டி விற்கத் தொடங்குவது, மிளகாயை அரைவைக்கு அனுப்புவது, மூட்டைகளை இன்னொரு கடைக்கு மாற்றி விற்பது முதலியன இதில் அடங்கும்.

3. நியாயமான காலம் கடந்தும், வேண்டாம் என்று தெரிவிக்காமல் சரக்கை வைத்திருக்கும்போது.

மூன்றாவதில் உள்ள ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. சரக்கைப் பொறுத்து, வழக்கத்தைப் பொறுத்து அது மாறும். பாலுக்கும் தயிருக்கும் மணிக்கணக்கு; வெங்காயம், உருளைக்கிழங்குக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல்; பருப்பு வகைக்கு மேலும் சில நாட்கள் என்று கொள்ளலாம். ‘குறைகளை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்’ என்பது போல ஒரு நிபந்தனையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால், அதுவும் கணக்கில் எடுக்கப்படும். வணிக வழக்கமும் ஒப்பந்தமும் இச்சட்டத்தின் பொது விதிகளை மாற்ற முடியும் என்று 62-ஆம் பிரிவு சொல்வதால், பில்லின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்காமல் விடக் கூடாது.

ஏற்றபின் என்ன இழக்கிறோம்?

ஏற்கும் முன், மாதிரிக்குப் பொருந்தாத சரக்கை வேண்டாம் என்று சொல்லலாம். அதைத் திருப்பி அனுப்ப நாமே லாரி பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை. வேண்டாம் என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்று 43-ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்பந்தம் வேறு விதமாக இருந்தால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும்.

ஏற்றபின் நிலைமை மாறிவிடுகிறது. பிரித்துப் பார்க்க முடியாத ஒரே ஒப்பந்தமாக இருந்தால், சரக்கில் ஒரு பகுதியை ஏற்றாலும் முழுவதையும் தள்ளும் உரிமை பொதுவாகப் போய்விடும். 13-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதன்பின் நமக்கு மிஞ்சுவது விலைக் குறைப்பும் நஷ்டஈடும்தான். இவை 59-ஆம் பிரிவின்படி கிடைக்கும் என்றாலும், அதற்குக் கணக்கும் சாட்சியும் காட்டி வாதாட வேண்டும். திருப்பி அனுப்புவதில் உள்ள எளிமை அதில் இல்லை.

இதற்கு இங்கிலாந்தில் 1893-இல் வந்த ஒரு தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுவார்கள். பெர்க்கின்ஸ் – பெல் வழக்கு என்று பெயர். ஒரு விவசாயி மாதிரி காட்டி பார்லியை ஒரு வியாபாரிக்கு விற்றார். ஒரு ரயில் நிலையத்தில் ஒப்படைப்பதாகப் பேச்சு. வியாபாரியோ அதை ஏற்கனவே மது வடிக்கும் ஆலைக்கு விற்றிருந்தார். நிலையத்தில் வந்த சரக்கை அங்கேயே சோதிக்காமல் ஆலைக்கு அனுப்பிவிட்டார். ஆலைக்காரர்கள், ‘மாதிரிக்குப் பொருந்தவில்லை’ என்று தள்ளிவிட்டார்கள். வியாபாரி அதையே விவசாயியிடம் சொல்லித் தள்ளப் பார்த்தார். நீதிமன்றம் ஒப்பவில்லை. சோதிக்க வேண்டிய இடம் ரயில் நிலையம். அங்கே சோதிக்காமல் மேலே அனுப்பியபோதே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றது.

லாரியிலிருந்து இறக்காமலே மூட்டையைக் கைமாற்றி விடும் நம் மொத்த வியாபாரிகள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைப்பது நல்லது.

எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தால்?

ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பது மூட்டை துவரம் பருப்புக்கு ஆர்டர் கொடுத்தீர்கள். வந்தது நாற்பத்தெட்டு. 37-ஆம் பிரிவின்படி நீங்கள் முழுவதையும் மறுக்கலாம். அல்லது வந்ததை ஏற்று, நாற்பத்தெட்டுக்கு மட்டும் பேசிய விலையைக் கொடுக்கலாம். மாறாக ஐம்பத்தைந்து வந்தால், ஐம்பதை ஏற்று மீதியை மறுக்கலாம், முழுவதையும் மறுக்கலாம், ஐம்பத்தைந்தையும் ஏற்றால் அத்தனைக்கும் பேசிய விலையில் பணம் கொடுக்க வேண்டும். கேட்காத வேறு ரகம் கலந்து வந்தாலும் இதே போல் உரிமை உண்டு. ஆனால் வணிக வழக்கமோ ஒப்பந்தமோ வேறு விதமாக இருந்தால் அதுவே நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ரிசீவ்ட்’ என்ற சொல் பாதுகாப்பானதுதான். ஆனால் அதன் பின்னால் ‘இன் குட் கண்டிஷன்’ என்று, அதாவது ‘நல்ல நிலையில்’ என்று, சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். நாற்பத்தெட்டு மூட்டையை இறக்கிக்கொண்டு, ‘ஐம்பது மூட்டை நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டால், பிறகு நம் வாய்ச்சொல் எடுபடுவது கடினம். ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா’ என்பது பழமொழி. எழுதிக் கொடுத்ததற்கும் அழுது பயனில்லை.

என்ன எழுதலாம்?

சீட்டில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தமிழிலேயே எழுதலாம். உதாரணமாக:

‘மூட்டை எண்ணிக்கை 48 மட்டும் பெறப்பட்டது. எடையும் தரமும் இன்னும் பார்க்கவில்லை.’

‘இரண்டு மூட்டை கிழிசல். ஒரு டின் ஒழுகல். மற்றவை சோதனைக்கு உட்பட்டுப் பெறப்பட்டன.’

ஆங்கிலத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்துகொள்ள விரும்புவோர் ‘ரிசீவ்ட் சப்ஜெக்ட் டு இன்ஸ்பெக்‌ஷன்’ என்று செய்துகொள்ளலாம். ‘சோதனைக்கு உட்பட்டுப் பெறப்பட்டது’ என்பது இதன் பொருள். தேதியும் நேரமும் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சடித்த ‘அக்செப்டட்’ என்ற சொல் இருந்தால், அதை அடித்துவிட்டு ‘ரிசீவ்ட்’ என்று மேலே எழுதி, சுருக்கொப்பமிடலாம். சீட்டின் இரண்டு நகல்களிலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

ஸ்டாம்பு மட்டும் போதாது. அன்றே அல்லது மறுநாளே சில மூட்டைகளைப் பிரித்துப் பார்த்து, எடை போட்டு, குறை இருந்தால் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். சோதனைக்காக மூட்டையைத் திறந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது ஏற்பதாகாது. குறை தெரிந்த பின்னும் அதிலிருந்து விற்பனை செய்வதுதான் சிக்கலைக் கொண்டுவரும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நம் சங்கத்தில் வாங்குபவரும் உண்டு, விற்பவரும் உண்டு. இந்த வேறுபாடு இருவருக்கும் பயன்படும். விற்பவர் கையில் ‘ரிசீவ்ட்’ கையெழுத்து இருந்தால் சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு அது சாட்சி. சரக்கில் குறையில்லை என்பதற்கு அது சாட்சியாகாது. எனவே குறை சொல்லும் காலக்கெடுவை முன்கூட்டியே பேசி, பில்லில் எழுதி, வாங்குபவரின் ஒப்புதலையும் பெற்றுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

அதே போல், விலை இறங்கிவிட்டது என்பதற்காக, பாதியை விற்றபின் மீதியைக் ‘குறைச் சரக்கு’ என்று திருப்பி அனுப்புவதும் நியாயமாகாது. ஏற்றது ஏற்றதுதான்.

ஆர்டர் வந்தது; ஆர்டரை ஏற்றோம்

விற்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வாடிக்கையாளர் ஒருவர், ‘நூறு டின் கடலை எண்ணெய், நேற்றைய விலைக்கு அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். நீங்கள் மரியாதைக்காக ‘அக்செப்டட்’ என்று பதில் போட்டுவிடுகிறீர்கள். மாலையில் விலை ஏறுகிறது. இப்போது பழைய விலைக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் கேட்டதை மற்றவர் நிபந்தனையின்றி முழுமையாக ஏற்றதாகத் தெரிவித்தால் ஒப்பந்தம் உருவாகிறது. மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவும் கூறுகிறது. ஆகவே அந்த ஒரு சொல் உங்களைக் கட்டிவிடலாம். ‘ஆர்டர் ரிசீவ்ட். விலையும் இருப்பும் பார்த்துச் சொல்கிறோம்’ என்று எழுதியிருந்தால், செய்தி கிடைத்தது என்று மட்டும் பொருள், கட்டுப்பாடு இல்லை.

பணத்திலும் இதே கதைதான்

பாக்கி ஐயாயிரம். கடன்காரர் இரண்டாயிரத்தை நீட்டி, ‘இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக் கொடுங்கள்’ என்கிறார். பணத்தைப் பெறுவது வேறு. அதை முழுக் கடனுக்கும் ஈடாக ஏற்பது வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இதே ஐயாயிரம், இரண்டாயிரம் கணக்கையே எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்கள். முழுக் கடனுக்கும் சரிக்கட்டாக இரண்டாயிரத்தை ஏற்றுக்கொண்டால், ஐயாயிரமும் தீர்ந்தது என்கிறது சட்டம்.

எனவே ரசீதில் ‘இன் ஃபுல் செட்டில்மென்ட்’ என்ற சொற்கள் இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்க விரும்பினால் சரி. இல்லையென்றால் ‘கணக்கில் வரவு ரூ. 2,000, பாக்கி ரூ. 3,000’ என்று எழுதிக் கொடுங்கள்.

உண்டியல் வியாபாரத்திலும் இதே விதிதான். நம் பேரில் எழுதப்பட்ட பில் கைக்கு வந்ததால் மட்டும் நாம் கடனாளி ஆவதில்லை. அதன்மேல் சம்மதக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘அக்செப்டர்’ ஆகிறோம். யோசிக்க அவகாசம் கேட்டால், விடுமுறை நாள் நீங்கலாக 48 மணி நேரம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

45 நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

குறுந்தொழில், சிறுதொழில் நிறுவனங்களிடம் சரக்கு வாங்குவோருக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற அப்பள உற்பத்தியாளர், மசாலாப் பொடி தயாரிப்பாளர் போன்றோருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும்.

இந்த நாட்கள் சரக்கை ஏற்ற நாளிலிருந்து ஓடத் தொடங்கும். சரக்கு வந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். தெரிவித்திருந்தால், விற்றவர் அந்தக் குறையை நீக்கிய நாளே ஏற்ற நாள். வாய்மொழியாகப் போனில் சொன்னது இதற்கு உதவாது. கெடுவுக்குள் செலுத்தாத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்ற வருமான வரி விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்துவிட்டது.

வணிகர்களும் உத்யம் பதிவு பெற 2021 ஜூலையில் வழி செய்யப்பட்டது. ஆனால் அதன் பயன் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே என்று அப்போதே அரசு தெரிவித்தது. எனவே இந்தக் கெடு, விற்பவர் என்ற முறையில் நமக்குக் கை கொடுப்பதைவிட, வாங்குபவர் என்ற முறையில் நம்மைக் கட்டுவதே அதிகம்.

ஜி.எஸ்.டி.யிலும் இரு சொற்கள்

உள்ளீட்டு வரி வரவு எடுக்க, சரக்கு ‘ரிசீவ்’ ஆகியிருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஒரே பில்லுக்குச் சரக்கு பகுதி பகுதியாக வந்தால், கடைசிப் பகுதி வந்த பிறகே வரவு. எனவே சரக்கு வந்த தேதி நம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

2024 அக்டோபரில் தொடங்கிய பில் மேலாண்மை வசதியிலோ ‘அக்செப்ட்’, ‘ரிஜெக்ட்’, ‘பெண்டிங்’ என்று மூன்று பொத்தான்கள் வந்தன. எதையும் அழுத்தாவிட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். இங்கே நாம் ஏற்பது பில்லின் பதிவை. மூட்டையில் உள்ள சரக்கை அல்ல. ஆனாலும் வராத சரக்கின் பில்லுக்கு ‘அக்செப்ட்’ அழுத்துவது பின்னால் கேள்வியைக் கொண்டுவரும். கணக்கை ஆடிட்டரிடம் விட்டுவிட்டாலும், எந்தச் சரக்கு வந்தது, எது வரவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

உணவுப் பொருள் விற்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாரிடமிருந்து பெறப்பட்டது என்று அடையாளம் காட்ட முடியாத உணவுப் பொருளுக்கும், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே பெற்ற பொருளுக்கும் விற்பவர் பொறுப்பாவார் என்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. இங்கே ‘ஏற்கவில்லை, பெற்றேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கைத் தனியே ஒதுக்கி, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி வையுங்கள்.

காதில் ஒன்றாக விழும் இன்னொரு சொல்

‘அக்செப்ட்’ போலவே ஒலிக்கும் ‘எக்செப்ட்’ என்று ஒரு சொல் உண்டு. ‘நீங்கலாக’ என்பது அதன் பொருள். ‘மூன்று மூட்டை நீங்கலாக எல்லாம் ஏற்கப்பட்டது’ என்று எழுத நினைத்துச் சொல்லை மாற்றி எழுதினால், பொருளே தலைகீழாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் எழுதுவதே மேல்.

முடிவாக, வணிக நண்பர்கள் மூன்று காரியங்களை உடனே செய்யலாம். கடையில் சரக்கு இறக்கும் ஊழியருக்கு ‘எண்ணிப் பார்த்து, வந்தது என்று மட்டும் எழுது, சரி என்று எழுதாதே’ எனச் சொல்லிக் கொடுங்கள். சரக்கு வந்த தேதி, சோதித்த தேதி, குறை தெரிவித்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெரிய தொகை சம்பந்தப்பட்ட தகராறு என்றால், கோபத்தில் பதில் எழுதுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். சரக்கு வந்து சேர்வது லாரிக்காரர் கையில் இருக்கிறது. அதை ஏற்பதும் ஏற்காததும் நம் கையில் இருக்கிறது.